வீட்டுக்கு இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். "ஏம்ப்பா, கரண்ட் படிப்புதானே படிக்கிற? உடனே சூடாகிற ஹீட்டர் ஒண்ணு மாட்டலாமா, சொல்லு" என்றார் அம்மா. வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாணவ நண்பர்களுக்கும் அது பயன்படும்.

முதலில் வாளிக் கணக்கு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரி செல்சியஸுக்கு ஏற்ற 15 × 4.18 × 15, அதாவது சுமார் 940 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். ஆக, வாளிக்கு 0.26 யூனிட். நான்கு பேர் குளித்தால் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். ராடு, தொட்டி கீசர், இன்ஸ்டன்ட் எதுவானாலும் தண்ணீருக்குள் போகும் வெப்பம் இதேதான். தொட்டி கீசரில், சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது இழக்கும் வெப்பம் கூடுதல் செலவு.

அடுத்து நேரம். 3 கிலோவாட் ஹீட்டரில் ஒரு வாளி நிறைய 5 நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். வாளிக் குளியலுக்கு இது போதும், பெரிய ஷவருக்குப் போதாது. ஜெர்மனியில் குழாயில் வருவதே குளிர்ந்த தண்ணீர் என்பதால், 18 முதல் 24 கிலோவாட் வரையுள்ள த்ரீ பேஸ் ஹீட்டர்களை மாட்டுகிறார்கள். நம் ஊர் வெயில் நமக்கு அந்த மட்டில் லாபம்.

3 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். ஃபேன், லைட் போகும் பழைய வயரில் இதைச் சேர்க்கவே கூடாது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். ஹீட்டரில் ஐ.எஸ். 8978 தரக் குறியீடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இத்துடன் முடிவு சொல்லியிருப்பேன். ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் விஷயமே புரிந்தது. அங்கே ஏற்கெனவே இன்ஸ்டன்ட் ஹீட்டர் இருக்கிறது. "குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குதுடா" என்றார் அக்கா. மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினேன். எர்த் துளை இருந்தது, அதன் பின்னால் வயரே இல்லை! மாமாவிடம் சொல்லி அன்றே ஹீட்டரை நிறுத்தச் சொன்னேன்.

எர்த் இருந்தாலும் எம்.சி.பி. மட்டும் போதுமா? எர்த் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் வயர் பாடியில் பட்டால் ஓடுவது 230 ÷ 5 = 46 ஆம்பியர். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ 80 ஆம்பியராவது வேண்டும். 46 ஆம்பியருக்கு அது சூடாகி விழச் சில வினாடிகளாவது பிடிக்கும். ஈர உடம்போடு நிற்பவருக்கு அந்த வினாடிகளே அதிகம். ஆகவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். கடலோர உப்பு ஈர மண்ணில் எர்த் தடை குறைவாக இருக்கும். ஆனால் அதே உப்பு எர்த் பைப்பை அரித்துவிடும். வருடம் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

"கேஸ் கீசர் மாட்டினா இந்தத் தொல்லை இல்லையே?" என்றார் மாமா. அது எரிய ஆக்சிஜன் வேண்டும். மூடிய பாத்ரூமில் ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாத்ரூமுக்குள் அதை வைக்கவே கூடாது.

கடலூர் திரும்பி அம்மாவிடம் சொன்னேன்: "ஹீட்டர் வாங்கலாம்மா. ஆனா முதல்ல எர்த், அப்புறம் ஆர்.சி.சி.பி., அப்புறம் தனி வயர். கடைசியாத்தான் ஹீட்டர்." போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் எலிமெண்டில் படியும் சுண்ணாம்பையும் அவ்வப்போது எடுக்க வேண்டும். வெந்நீர்த் தவலையைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து நம் பக்கம் பல நாள் கரண்ட் இல்லாதபோது வெந்நீருக்கு விறகு அடுப்புதான் கைகொடுத்தது.

நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும், தெரிந்த ஒயர்மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு ஹீட்டர் சாக்கெட்டில் எர்த் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் படித்த படிப்புக்கு வீட்டில் செய்யும் முதல் மரியாதை அதுதான்.