வெடிக்காத களிமண் உருவங்கள்

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், விவிலியக் கதைகளின் உருவங்களை மாட்டும் ஈசாய் மரத்தில் நாளுக்கொன்றாகத் தொங்கவிடப் பிள்ளைகளோடு களிமண் உருவங்கள் செய்தோம். காய்ந்ததும் வெடித்துவிட்டன. ஏன்?

பதில்: வெயிலில் வைத்திருப்பீர்கள். மேற்புறம் சட்டென்று காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்கும். அந்த இழுபறியில்தான் விரிசல் விடுகிறது. அரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, நிழலில் செய்தித்தாள்மேல் பரப்பி, தினமும் திருப்பிப் போடுங்கள். நூல் கோக்கும் துளையை ஈரத்திலேயே ஸ்ட்ராவால் குத்திவிட வேண்டும். திருவருகைக் காலம் 22 நாளும் வரும், 28 நாளும் வரும். அதனால் 28 செய்து வையுங்கள். நம் ஊரில் அது அடைமழை நேரம், செப்டம்பரிலேயே தொடங்குங்கள். நோவாவின் பேழை, யாக்கோபின் ஏணி சுலபம். தாவீதின் யாழுக்கு நரம்பு திரிக்க வேண்டாம், ஈர்க்குச்சியால் கீறினால் போதும். பேழையின் ஓரத்தில் பிள்ளையின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தால் தயவுசெய்து தேய்த்துவிடாதீர்கள்.