ஆவாரம்பட்டை போதுமா?

கேள்வி: ஆட்டுத்தோலை ரசாயனமில்லாமல் வீட்டிலேயே பதனிட முடியுமா?

பதில்: பொறுமை இருந்தால் முடியும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டேனின், தோலின் கொலாஜன் இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. திண்டுக்கல், திருச்சி வட்டாரத் தோல்கள் இப்படிப் பதமாகித்தான் கப்பலேறின. உப்பிட்ட தோலை அலசி, சுண்ணாம்பில் ஊறவைத்து, முடியும் சதையும் நீக்கி, சுண்ணாம்பு போகக் கழுவுங்கள். முதலில் நீர்த்த பட்டைச்சாறு, பிறகே கெட்டிச்சாறு. எடுத்ததுமே கெட்டியில் போட்டால் மேற்புறம் இறுகி, உள்ளே பச்சையாகவே நிற்கும். குரோம் உப்பு இதைவிட வெகு விரைவாக முடிக்குமே என்பீர்கள். உண்மைதான், ஆனால் குரோம் கழிவைச் சுத்திகரிக்க வீட்டில் வழியேது? அதற்காக இயற்கை முறை மாசற்றது என்றும் எண்ண வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீர் கிணற்றைக் கெடுக்கும். ஓரிரு தோலோடு நிறுத்திக்கொள்வதே நியாயம்.