'கிராஸ்' என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் நீண்ட சொற்களைக் கண்டு மாணவர்கள் அஞ்சுவதுண்டு. உண்மையில் நம்மை அதிகம் ஏமாற்றுபவை சிறு சொற்களே. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்தான் இருக்கும். சிறு சொல்லுக்கோ அகராதியில் ஒரு பத்தி முழுவதும் பொருள்கள்!

'கிராஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சிலுவையும் கிராஸ், சாலையைக் கடப்பதும் கிராஸ், இரு இனக் கலப்பில் பிறந்த கன்றும் கிராஸ், ஒருவர் சினத்துடன் இருப்பதும் கிராஸ். இவற்றுக்குள் என்ன உறவு? சொல்லின் பிறப்பிடத்தைத் தேடினால் விடை கிடைக்கும்.

இலத்தீன் மொழியில் 'க்ருக்ஸ்' என்பது குற்றவாளிகளை அறைந்து கொல்லும் மரம். இச்சொல் அயர்லாந்து மக்கள் வழியாகவும் ஸ்காண்டிநேவிய மக்கள் வழியாகவும் ஆங்கிலத்தை அடைந்து 'கிராஸ்' ஆயிற்று. போர்ச்சுகீசியருடன் கடல் கடந்து வந்து தமிழில் 'குருசு' ஆயிற்று. குருசுக்குப்பம் என்ற பெயரைக் கேட்டுப் பழகிய புதுச்சேரி மாணவருக்கு இது புதிய ஒலி அன்று. அதே நகரில் பிரெஞ்சு கற்பவர் இதை 'க்ருவா' என்பார். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாம் வழங்கும் 'சிலுவை' வேறு குடும்பம். அது சிரியாக் மொழியிலிருந்து வந்தது.

சிலுவை என்றால் ஒன்றன் குறுக்கே ஒன்றாக இரு கோடுகள். இப்படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையின் குறுக்கே செல்வது 'கடத்தல்' ஆயிற்று. குறுக்கே வருவது தடையாகும். ஆகவே 'எதிரான' என்ற பொருளும், அதிலிருந்து 'சிடுசிடுப்பான' என்ற பொருளும் தோன்றின. தமிழிலும் 'குறுக்கே பேசாதே' என்கிறோம் அல்லவா?

அறிவியலுக்கு வருவோம். இரு பாதைகள் பிரியும் இடத்தில் வழிகாட்டி மரம் நிற்கும். இரு கொள்கைகளுள் எது சரி என்று காட்டும் சான்றுக்கு பிரான்சிஸ் பேக்கன் 1620-இல் அம்மரத்தின் பெயரையே இட்டார். 1672-இல் நியூட்டன் தம் முப்பட்டகச் சோதனையைக் 'குருசுச் சோதனை' என்ற பொருள்படும் இலத்தீன் பெயரால் அழைத்தார். முதல் முப்பட்டகம் பிரித்த நிறங்களுள் ஒன்றை மட்டும் இரண்டாவது முப்பட்டகத்தில் செலுத்தினார். அது வளைந்தது, ஆனால் வேறு நிறங்களாகப் பிரியவில்லை. நிறங்களை முப்பட்டகம் உண்டாக்குவதில்லை, அவை வெண்ணொளியிலேயே உள்ளன என்று தெளிவாயிற்று. 'முடிவைத் தீர்மானிக்கிற' என்னும் பொருளுடைய 'குரூஷியல்' என்ற சொல் இவ்வாறு வந்ததே.

இனி 'கிராஸ் செக்ஷன்'. கம்பியைக் குறுக்காக வெட்டினால் தெரியும் பரப்பு அது. அணுக்கரு இயற்பியலில் இப்பொருளை அப்படியே கொண்டால் தவறு நேரும். அங்கே அது ஒரு வினை நிகழும் வாய்ப்பின் அளவு. அதன் அலகு 'பார்ன்'; 1942-இல் அமெரிக்க இயற்பியலாளர் இட்ட பெயர். பார்ன் என்றால் தானியக் கொட்டகை! அணுக்கருவுக்கு இது கொட்டகை அளவு பெரியது என்ற வேடிக்கை. ஆனால் ஒரு பார்ன் 10⁻²⁸ சதுர மீட்டர்தான். காட்மியம் அணுக்கருவின் உண்மையான முகப்பரப்பு ஏறத்தாழ 1 பார்ன். மெதுவான நியூட்ரானைப் பிடிக்கும் அதன் 'கிராஸ் செக்ஷன்' சராசரியாக ஏறத்தாழ 2,500 பார்ன்! 1942 டிசம்பரில் சிகாகோவில் இயங்கிய முதல் அணு உலையைக் கட்டுப்படுத்தக் காட்மியம் உதவியது இதனால்தான். சொல்லின் பழைய பொருளோடு நின்றுவிட்டால் இது விளங்குமா?

இலத்தீன் சொல் மாறாமல் நிற்கும் இடம் வானம். தென்சிலுவை விண்மீன் குழுவின் பெயர் இன்றும் 'க்ருக்ஸ்'தான். மே மாத நடுவில் இரவு 9 மணியளவில் புதுச்சேரிக் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால் அடிவானத்துக்குச் சற்று மேலே அதைக் காணலாம். இடப்பக்கத்தில் இரு ஒளிமிக்க விண்மீன்கள் அதைச் சுட்டி நிற்கும். அவற்றுள் சிலுவைக்குத் தொலைவிலுள்ளது ஆல்ஃபா சென்டாரி. ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்மீனை நோக்கியபோது, ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரட்டை என்று தொலைநோக்கியில் கண்டார்.

அடுத்த முறை பாடநூலில் ஒரு சிறு சொல் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அதன் முதற்படம் என்ன? அன்றாடப் பொருள் என்ன? இப்பாடத்தில் அதற்குத் தந்துள்ள வரையறை என்ன? தேர்வில் எழுத வேண்டியது மூன்றாவதே. நினைவில் நிறுத்த உதவுவது முதலாவது. 'ஃபீல்டு' என்ற சொல் உழவருக்கும் கிரிக்கெட் வீரருக்கும் காந்தவியல் மாணவருக்கும் எப்பொருள் தருகிறது? நீங்களே எழுதிப் பாருங்கள்.