குறுமரத்தின் முகப்பைத் தெரிந்தெடுத்தல்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

ஆழமில்லாத சட்டியில் மரத்தை நட்டு, குறுகிய உருவத்திலேயே அதனை முதிர்ச்சியடையச் செய்யும் வித்தை சீன தேசத்தில் தோன்றி, ஜப்பான் தேசத்தில் விசேஷ அபிவிருத்தி அடைந்ததாகும். ஜப்பானியர் இதனைப் ‘போன்ஸாய்’ என்பர். ‘போன்’ என்பது தட்டுச்சட்டியையும், ‘ஸாய்’ என்பது நடுதலையும் குறிக்கும். 1923-ஆம் ஆண்டு பூகம்பத்திற்குப் பின், டோக்கியோ நகரத்துத் தோட்டக்காரர் சிலர் நல்ல நீரும் விசாலமான நிலமும் நாடி ஓமியா என்னுமிடத்திற் குடியேறி, 1925-இல் போன்ஸாய்க் கிராமம் ஒன்றை நிறுவினர். அங்கே குடியிருப்போர் பத்துக்குக் குறையாத குறுமரங்களை வைத்திருக்க வேண்டுமென்றும், வருவோர் யாவருக்கும் வாயிலைத் திறந்து வைக்க வேண்டுமென்றும் தமக்குள் ஒழுங்கு செய்துகொண்டனர். 1934-இல் டோக்கியோவின் உயெனோவில் ‘கொக்குஃபு’ கண்காட்சி தொடங்கிற்று.

குறுமரம் வளர்ப்போர் முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அதன் முகப்பாகும். மரத்தைப் பார்ப்பவருக்கு எப்பக்கம் எதிராக நிற்கிறதோ அப்பக்கமே முகப்பு. தோப்பில் நிற்கும் மரத்தை நாம் சுற்றி வந்து பார்க்கலாம். ஜப்பானியர் வீட்டிலோ, ‘டோகோனோமா’ என்னும் மாடத்தில் குறுமரத்தை வைத்து, எதிரே பாயில் அமர்ந்து நோக்குவர். மூன்று பக்கமும் சுவராதலின் ஒரு பக்கமே கண்ணுக்குப் புலனாகும். கிளைகளை வெட்டுவதும், கம்பி சுற்றி வளைப்பதும், சட்டியில் நடுவதும் ஆகிய யாவும் அந்த ஒரு பக்கத்தை உத்தேசித்தே செய்யப்படுகின்றன. முகப்பைத் தவறாகத் தெரிந்துகொண்டால் பின்னர் செய்யும் வேலை யாவும் தவறாகும். கம்பியை அவிழ்த்துவிடலாம், வெட்டிய கிளையை ஒட்ட முடியாது.

இதனை நான் நஷ்டப்பட்டே கற்றேன். நஷ்டமும் என்னுடையதன்று. சில வருஷங்களுக்கு முன் முதிய தோட்டக்காரர் ஒருவர், பதினோரு வருஷம் சட்டியில் வளர்த்த ஆலமரம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்து, கண்காட்சிக்கு ஏற்றவாறு சீர்படுத்தித் தரும்படி கேட்டார். நான் மேலுள்ள கிளைகளின் அமைப்பை மாத்திரம் நோக்கி ஒரு பக்கத்தை முகப்பாகக் கொண்டேன். அப்பக்கத்தில் பார்ப்பவரை நோக்கி நீண்டிருந்த பருத்த கிளையை அறுத்து நீக்கினேன். பால் வடிந்து நின்றது. “ஐயா, மண்ணுக்குள்ளே வேர் எப்படி இருக்கிறதென்று பார்க்கவில்லையே” என்றார் அவர். அது அவசியமில்லை என்று நான் சொல்லிவிட்டேன். அடுத்த பருவத்தில் சட்டி மாற்றும்போது மேல்மண்ணை நீக்கிப் பார்த்தால், இரண்டு அங்குல ஆழத்தில், வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க, வேர்கள் இருபுறமும் விரல்களைப் போல விரிந்திருந்தன. நான் கொண்ட முகப்பிலோ, ஒரே வேர் மற்றொன்றைக் குறுக்கே தாண்டிக் கிடந்தது. அந்த நல்ல பக்கத்தை முகப்பாகக் கொள்வதற்கு இன்றியமையாத முதற்கிளை எதுவோ, அதுவே நான் அறுத்த கிளை. அவ்விடத்தில் வேறு கிளை துளிர்த்து ஓரளவு பருக்க ஆறு வருஷம் சென்றது. ஆகையால் பின்வரும் வரிசையை வாசகர்கள் மாற்றாமல் கைக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

1. வேர்: முதலில் மேல்மண்ணை மூங்கிற்குச்சியால் மெதுவாகக் கிளறி, மென்மையான தூரிகையால் தள்ளி, வேர் தூரை விட்டுப் பிரியும் இடம் வரையிற் காண வேண்டும். வேர்கள் வலமும் இடமும் அகன்று மண்ணைப் பற்றி நிற்கும் பக்கம் உத்தமம். பருத்த வேர் ஒன்று பார்ப்பவரை நோக்கி நேராக நீளும் பக்கமும், வேர்கள் ஒன்றன்மேலொன்று ஏறிய பக்கமும் விலக்கத்தக்கவை. சோதித்த பின் மண்ணைத் திரும்ப மூடி நீர் தெளிக்கவும்.

2. அடிமரம்: பெரும்பாலான மரங்களின் தூர் சரியான வட்டமாயிராது, ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் ஒடுங்கியும் இருக்கும். அகன்ற பக்கம் எதிரே நின்றால் மரம் முதுமையுடையதாகத் தோன்றும். அடி பருத்து நுனி நோக்கிப் படிப்படியாகச் சிறுத்துச் செல்வது நன்கு தெரிய வேண்டும். வளைவுகள் வலமும் இடமுமாகத் தோன்ற வேண்டும். தண்டின் வயிறு பார்ப்பவரை நோக்கிப் புடைத்து, புறா நெஞ்சைத் தள்ளி நிற்பதுபோலிருத்தல் குற்றமென்று ஜப்பானியர் கொள்ளுவர். வெட்டுத் தழும்புகள் பின்புறம் செல்ல வேண்டும். ஆனால் ஜூனிப்பர் போன்ற மரங்களில் பட்டையுரிந்து வெளுத்த காய்ந்த பாகமும், அதனருகே உயிருடன் ஓடும் பட்டையும் சேர்ந்து காண்பதே அழகாதலால், அவை முகப்பிலேயே அமையலாம்.

3. கிளை: மரத்தின் உயரத்தில் அடியிலிருந்து மூன்றிலொரு பங்கு வரையில் தண்டு மறைவின்றித் தெரிய வேண்டும். ஏறக்குறைய அவ்வுயரத்தில் முதற்கிளை ஒரு பக்கமும், சற்று மேலே இரண்டாவது கிளை எதிர்ப்பக்கமும், மற்றொன்று பின்புறமும் அமைவது சாதாரண முறையாகும். பின்கிளை இல்லாவிடில் மரம் சுவரில் ஒட்டிய சித்திரம்போல் தட்டையாகத் தோன்றும். கீழ்ப்பாகத்தில் எக்கிளையும் பார்ப்பவர் கண்ணைக் குத்துவதுபோல் நீளலாகாது. மேற்பாகத்தில் சிறு கிளைகள் முன்னோக்கி வருவதில் தோஷமில்லை.

4. சாய்வு: மரத்தின் நுனி பார்ப்பவரை நோக்கிச் சிறிது சாய்ந்திருத்தல் வேண்டும். பின்னோக்கிச் சாய்ந்த மரம் நம்மை விட்டு விலகுவதுபோல் தோன்றும். முகப்பு திருப்திகரமாயில்லாதபோது, உடனே அரத்தையும் வாளையும் எடுக்காமல், சட்டியின் ஒரு விளிம்பின் கீழ் மரச்சக்கை வைத்துச் சாய்த்துப் பார்க்கவும். பல சமயங்களில் சிறிது சாய்த்தலே போதுமானதாயிருக்கும்.

மேற்கண்ட நான்கும் ஒரே பக்கத்தில் கூடி வருவது அபூர்வம். கிளை இல்லாவிடில் வளர்த்துக்கொள்ளலாம், வளைக்கலாம், ஒட்டும் கட்டலாம். நல்ல தூரும் வேரும் அமைய நெடுங்காலம் செல்லும். ஆதலால் இவை ஒன்றுக்கொன்று முரண்படும்போது, வேருக்கும் அடிமரத்துக்கும் முதலிடமும், கிளைக்கு அடுத்த இடமும் அளிக்க.

பார்க்கும் முறை: சுழலும் பலகை ஒன்றின்மேல் சட்டியை வைத்து, மரத்தின் நடு உயரத்திற்கு நம் கண் வரும்படி அமர்ந்துகொள்ள வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் தீர்ப்புப் பிசகும். சட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, எட்டுத் திசையிலும் புகைப்படம் எடுத்து ஒப்பிடுதல் நலம். ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதும் உதவி செய்யும். தெரிந்தெடுத்த பக்கத்தில் சட்டியின் விளிம்பருகே சிறு குச்சியை நட்டு, ஒரு வாரம் சென்று மறுபடியும் பார்க்கவும். அப்பொழுதும் மனம் அதற்கே இசைந்தால் பின்னர் வெட்டலாம்.

நடுதலும் பராமரிப்பும்: நீண்ட சட்டியாயின், அதன் நீளப்பக்கம் முகப்புக்கு நேராக வர வேண்டும். மரத்தைச் சரியான மத்தியில் நடாமல், நடுக்கோட்டிற்குச் சற்றுப் பின்னாகவும், முதற்கிளை நீளும் திசைக்கு எதிர்ப்பக்கம் சிறிது ஒதுங்கியும் நடுக. சட்டிக்குள் மரத்தைத் திருப்பி முகப்பை மாற்றுவது சட்டி மாற்றும் பருவத்திலேயே செய்யத்தக்கது. ஜப்பானில் பைன் முதலியவற்றிற்கு இது வசந்தத்தில் மொட்டு விரியுமுன் நடைபெறும். நம் பக்கத்து ஆல் வகைகளுக்கு வெப்பமும் ஈரமும் கூடிய, துளிர் ஓடும் காலம் ஏற்றது. முகப்பு ஒன்றென்பதற்காக அதனையே எப்பொழுதும் வெயிலுக்கு எதிராக வைத்தலாகாது. வெளிச்சம் படாத பின்கிளைகள் நலிந்து காய்ந்துவிடும். வாரம் ஒருமுறையாவது இரு வாரத்திற்கொருமுறையாவது சட்டியைத் திருப்பி வைக்கவும்.

குறுமரம் வளர்த்தவருக்குப் பின்னும் வாழக்கூடியது. 1625-ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டு வந்த வெள்ளைப் பைன் ஒன்று, 1945-இல் ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு விழுந்தபோதும் தப்பிப் பிழைத்தது. யமாக்கி குடும்பத்தார் அதனை 1976-இல் அமெரிக்காவுக்கு நன்கொடையாய் அளித்தனர். அத்தகைய மரத்தில் ஒருவர் செய்யும் வெட்டு, பின்வரும் தலைமுறைகள் யாவற்றிற்கும் எதிரே நிற்கும். நான் மேலே கூறிய தோட்டக்காரர் அந்த ஆலை இன்னும் வளர்த்து வருகிறார். புதிய கிளை இப்போது பென்சிற் பருமன் இருக்கிறது. யாரேனும் தம் மரத்தை என்னிடம் கொண்டுவந்தால், மண்ணைக் கிளறும் மூங்கிற்குச்சியையே நான் முதலில் கையில் எடுக்கிறேன்.