கல்லாச் சாவியும் கடவுச்சொல்லும்



கல்லாச் சாவியை நாம் எல்லோரிடமும் கொடுப்பதில்லை. ஆனால் கணினியில் பற்று வரவு எழுதும்போது மட்டும் கடை முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துவிடுகிறோம். வாடிக்கையாளர் ஒருவரின் பாக்கி குறைந்திருந்தால், திருத்தியது யார் என்று எப்படி அறிவோம்? ஒன்றும் அறியாத கடைப் பையன் மீதும் பழி விழும்.

இணைய வழி மென்பொருள் எழுத உதவும் ஜாங்கோ 2005-ல் வெளிவந்தது, விலையில்லாமல் கிடைப்பது. அதில் இதற்கான வசதி சேர்ந்தே வருகிறது. நமக்கு மென்பொருள் எழுதித் தருபவரிடம் மூன்றைக் கேட்டு வாங்குவோம்.

1. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். ஜாங்கோ அதை அப்படியே எழுதி வைக்காது. திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றியே வைக்கும்.

2. பில் போடுபவருக்குச் சேர்க்கவும் பார்க்கவும் அனுமதி. திருத்தவும் நீக்கவும் முதலாளிக்கு மட்டுமே. ஜாங்கோவின் நிர்வாகப் பக்கத்தில் திருத்தினால், யார், எப்போது என்பதும் பதிவாகும்.

3. வேலையை விட்டு நின்றவரின் பெயரை அழிக்க வேண்டாம். ‘நடப்பில் இல்லை’ என்று குறித்தால் போதும். அவரால் உள்ளே நுழைய முடியாது. அவர் போட்ட பழைய பில்கள் அவர் பெயரிலேயே நிற்கும்.

இதனால் நமக்கு நிம்மதி. நேர்மையாக உழைக்கும் பணியாளருக்கும் பாதுகாப்பு.