கால்வாய் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கோவில்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

"கொலஸ்ட்ரால் இதயத்துக்கு எதிரி என்றால், இதயச் செல்லின் சவ்விலேயே அது ஏன் இவ்வளவு இருக்கிறது?" என்று வகுப்பு முடியும் நேரத்தில் கேட்டாய். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் அளவு மீறினால் தமனிச் சுவரில் படியும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வீட்டில் யாரும் நிறுத்துவதற்கு இந்தக் கடிதத்தைச் சாட்சிக்கு இழுத்துவிடாதே. நான் சொல்ல வருவது சவ்வில் குடியிருக்கும் கொலஸ்ட்ராலைப் பற்றி.

1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் தந்த படம் உனக்குத் தெரியும்: லிப்பிட் கடல், அதில் மிதக்கும் புரதங்கள். ஐம்பது ஆண்டு கழிந்த பிறகும் அந்தப் படத்தோடு பாடத்தை முடித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் நின்று பார். கூட்டம் ஒரே சீராகவா பரவிக் கிடக்கிறது? விற்கிறவரும் வாங்குகிறவரும் தரகரும் ஓரிடத்தில் நெருங்கி, துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார்கள். பேரம் படிந்ததும் கலைந்துவிடுவார்கள். சவ்விலும் அப்படித்தான். கொலஸ்ட்ராலும் ஸ்ஃபிங்கோலிப்பிடும் சேர்ந்து 10 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ள திட்டுகளாகக் கூடும், கலையும். இந்த 'ராஃப்ட்' கருத்தை 1997-ல் சைமன்ஸும் இகோனனும் விரிவாக முன்வைத்தபோது பலர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. செல்லைக் குளிரில் வைத்து டிட்டர்ஜென்டில் கரைத்து, கரையாமல் மிஞ்சியதையெல்லாம் ராஃப்ட் என்றார்கள். 37 டிகிரியில் துடிக்கிற இதயத்தைப் பற்றி 4 டிகிரியில் தீர்ப்பு எழுதினால் அதை எப்படி ஏற்பது?

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வேலை எனக்கு உயிராகப் படுவது இதனால்தான். ராஜத் வர்மாவும் சத்யஜித் மேயரும் செல்லைக் கரைக்கவில்லை. ஒளிரும் மூலக்கூறுகள் மிக நெருங்கியிருந்தால்தான் ஒன்றுக்கொன்று ஆற்றலைக் கைமாற்றும். அதை அளந்து, சில புரதங்கள் 70 நானோமீட்டருக்கும் சிறிய திட்டுகளில் கூடியிருப்பதை 1998-ல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். பிறகு மதன் ராவ் போன்ற இயற்பியலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொழுப்பு தானாக ஒதுங்குவது மட்டும் போதாது. சவ்வுக்கு அடியிலுள்ள ஆக்டின் இழைகள் ஆற்றலைச் செலவழித்துத்தான் இந்தக் கூட்டங்களைச் சேர்க்கின்றன என்பது தெரியவந்தது. இதயச் செல்லின் கால்வாய்களை, அதாவது சவ்வின் வழியே அயனிகளைக் கடத்தும் புரதங்களை, பற்றிய குழப்பங்களும் ஒருநாள் இந்த ஆக்டினில்தான் தெளியும் என்பது என் பிடிவாதமான நம்பிக்கை. வேறு யாராவது மறுத்தால் என்னிடம் அனுப்பு.

இதயத்துக்கு வருகிறேன். துடிப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஏ. கணுவில் எச்.சி.என்.4 என்ற கால்வாய் இருக்கிறது. மிலானில் டிஃபிரான்செஸ்கோவின் குழு 2004-ல் முயலின் கணுச் செல்களிலிருந்து சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு கொலஸ்ட்ராலை உருவியது. ராஃப்ட் குலைந்தது, கால்வாய் முன்னைவிட எளிதாகத் திறந்தது, செல் வேகமாகத் துடித்தது. கால்வாயின் ஒரு அமினோ அமிலம்கூட மாறவில்லை.

மனிதரிலும் சான்று உண்டு. இதயச் செல்லின் சவ்வில் கேவியோலே என்ற குடுவை வடிவக் குழிகள் இருக்கின்றன; அவையும் ஒருவகை ராஃப்ட்தான். கேவியோலின்-3 என்ற புரதம் அவற்றுக்கு வடிவம் தருகிறது. நீண்ட க்யூ.டி. நோய் உள்ள சிலரிடம் அந்தக் கேவியோலின்-3 மரபணுவில் பிறழ்வு இருப்பதாக 2006-ல் வெளியிட்டார்கள். அந்தப் பிறழ்வு இருந்தால், மூடிவிட வேண்டிய சோடியம் கால்வாய் கசிந்துகொண்டே இருக்கிறது. ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. நீள்கிறது, மயக்கம், சில சமயம் திடீர் மரணம். கால்வாயை மட்டுமே பரிசோதித்திருந்தால் காரணம் கடைசிவரை அகப்பட்டிருக்காது.

ஆனால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் கட்டுரைகளை அப்படியே விழுங்காதே. அது ராஃப்டிலிருந்து மட்டுமா கொலஸ்ட்ராலை எடுக்கும்? சவ்வு முழுவதிலிருந்தும் எடுக்கும். ஆகவே முதலில் 1998 கட்டுரையைப் படி. படங்களைப் புரட்டிவிட்டு மூடிவைக்காமல், எப்படி அளந்தார்கள் என்ற பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா.