கரும்பு டிரெய்லர் இழுக்கும் டிராக்டருக்குப் பிரேக் சரியாக இருக்கிறதா?

கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் ஆலைக்குப் போகும் சாலைகளில் டிராக்டர்கள் வரிசையாகப் போவதைக் காணலாம். சில வாரங்களுக்கு முன்வரை கேஜ் வீல் கட்டிக்கொண்டு சேற்றில் உழுத அதே டிராக்டர்தான் இப்போது டிரெய்லரை மாட்டிக்கொண்டு நான்கைந்து டன் கரும்போடு ஓடுகிறது. வயலில் பிரேக் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பெரிய கேடில்லை. சேறே வண்டியை நிறுத்திவிடும். தார் ரோட்டில், அதிலும் பாலத்து இறக்கத்தில், நிலைமை வேறு.

எங்கள் பக்கத்தில் ஆற்றுப் பாலத்தை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு டிராக்டர் கரும்போடு வயலுக்குள் பாய்ந்து கிடந்தது. ஓட்டியவர் தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார். "மிதித்தேன், பெடல் அடிவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை" என்றார். பிறகு மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது வலப்பக்க டிஸ்க்கில் லைனிங் தேய்ந்து போயிருந்தது. இடப்பக்க டிஸ்க் எண்ணெயில் ஊறியிருந்தது. டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது. போதாக்குறைக்கு, டீசலை மிச்சப்படுத்த வேண்டும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டிருக்கிறார். இந்த நான்கில் இரண்டு இல்லாமல் இருந்திருந்தாலும் வண்டி ரோட்டிலேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாரமும் பிரேக்கும்

முதலில் ஒரு சிறு கணக்கு. டிராக்டரின் எடை 2 டன், டிரெய்லரும் கரும்புமாக 6 டன், ஆக மொத்தம் 8 டன் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டரின் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களில் மட்டுமே பிடிக்கிறது. அது தன் எடையில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 600 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிப்பதாகக் கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் வெறும் டிராக்டர், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 5 மீட்டரில் நின்றுவிடும். பின்னால் பிரேக் இல்லாத 6 டன் இருந்தால் சுமார் 21 மீட்டர் ஓடியே நிற்கும். வேகம் 30 கி.மீ. ஆனால் 46 மீட்டர். ஓட்டுபவர் கண்டு, காலை எடுத்துப் பெடலில் வைக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை.

இது சமதரைக் கணக்கு. இருபது அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில் 8 டன் பாரம் 400 கிலோ விசையோடு கீழே இழுக்கும். பிரேக்குக்கு மிஞ்சுவது 200 கிலோ மட்டுமே, 20 கி.மீ. வேகத்திலேயே நிற்க 60 மீட்டருக்கு மேல் வேண்டும். பத்துக்கு ஒன்று சரிவானால் இழுப்பது 800 கிலோ, பிடிப்பது 600 கிலோ. புத்தம்புதிய பிரேக்காக இருந்தாலும் வண்டி நிற்கவே நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும்.

அதே டிரெய்லரின் சக்கரங்களிலும் பிரேக் இருந்து, அது 1,200 கிலோ அளவுக்குப் பிடித்தால், அந்தப் பத்துக்கு ஒன்று சரிவிலும் 20 கி.மீ. வேக வண்டி 12, 13 மீட்டரில் நின்றுவிடும். டிரெய்லர் செய்யக் கொடுக்கும்போது பலகைக்கும் பெயிண்டுக்கும் பார்க்கிறோம்; பிரேக்குக்கு ஆகும் செலவை வீண் என்று நினைக்கிறோம். இந்தக் கணக்கைப் பட்டறைக்காரரிடம் காட்டிவிட்டுப் பிறகு பேரம் பேசலாம்.

டிரெய்லர் பிரேக்கில் எளியது, டிராக்டர் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையாலேயே இயங்குவது. இழுவைத் தண்டு சற்று உள்ளே நகர்ந்து, ஒரு கம்பியை இழுத்துப் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது. தண்டு நகரும் இடத்தில் மண் சேர்ந்து துருப்பிடித்தால் இது இருந்தும் இல்லாததுதான். கிரீஸ் வைத்து, கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பின்னோக்கிச் செல்லும்போது பிரேக் பிடிக்காமல் இருக்க ஒரு தடை போடுவார்கள். அதை எடுக்க மறந்து ரோட்டுக்கு வருபவர்கள் உண்டு. டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயாலேயே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் வகையும் இருக்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளில், இணைப்பு விட்டுப் போனால் ஒரு கம்பி இழுபட்டு அந்த வண்டியின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். நம் டிரெய்லர்களில் மாட்டும் பின் ஒன்றே எல்லாம். அதற்குப் பூட்டுக் கிளிப் போடுவதும், ஒரு காப்புச் சங்கிலி கட்டுவதும் பெரிய செலவில்லை.

டிஸ்க் ஏன் கைவிடுகிறது?

டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கும் வலது பின்சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக், தனித்தனிப் பெடல். உலர் டிஸ்க் வகையில், ஒவ்வொரு பக்கமும் லைனிங் ஒட்டிய டிஸ்க்குகள் தண்டோடு சுற்றுகின்றன. அவற்றின் நடுவே இரண்டு தட்டுகள். தட்டுகளுக்கு இடையே சரிவான குழிகளில் இரும்புக் குண்டுகள். பெடலை மிதித்தால் தட்டுகள் சற்றுத் திரும்ப, குண்டுகள் சரிவில் ஏறித் தட்டுகளை விரிக்கின்றன. அவை டிஸ்க்குகளை அமுக்கிப் பிடிக்கின்றன.

சேற்றுழவில் நீர் உள்ளே புகுந்தால் கெடுவது இந்தக் குண்டும் குழியும்தான். துருவேறிய குண்டு ஏறினால் இறங்காது. காலை எடுத்த பிறகும் பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். வீடு வந்து சேரும்போது அந்தப் பக்கம் சூடு பறக்கும். சூடேறிய லைனிங்கின் பிடி குறையும். உழவு முடிந்து ரோட்டுக்கு வரும்போது பெடலை லேசாகப் பலமுறை மிதித்து ஓட்டி ஈரத்தை உலர்த்துவது நல்லது. கொதிக்கும் நிலையில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கக் கூடாது. வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

இன்னொன்று எண்ணெய்க் கசிவு. ஆயில் சீல் தேய்ந்தால் கியர் எண்ணெய் உலர் டிஸ்க்கில் இறங்கும். லைனிங்கில் ஊறிய எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியோ தீயில் காட்டியோ போக்க முடியாது. அப்படிச் செய்து மாட்டிய டிஸ்க் இரண்டு நாள் பிடிக்கும், மூன்றாம் நாள் வழுக்கும். சீலையும் டிஸ்க்கையும் புதிதாகப் போடுவதே வழி.

இப்போது வரும் டிராக்டர்கள் பலவற்றில் டிஸ்க்குகள் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கின்றன. சேறு புகாது, சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும், தேய்மானம் குறைவு. ஆனால் எண்ணெய் அளவு குறையாமலும், கம்பெனி சொன்ன ரகம் மாறாமலும் இருக்க வேண்டும். கிடைத்த எண்ணெயை ஊற்றிவிட்டுப் பிரேக் கிறீச்சிடுகிறது என்று மெக்கானிக்கைக் குறை சொல்வதில் பயனில்லை.

இரு பெடலும் ஒன்றாக

வயலில் திரும்ப ஒரு பக்கப் பெடலை மட்டும் மிதிக்கிறோம். பெரும்பாலும் ஒரே பக்கமாகத் திரும்பி உழுபவர் வண்டியில் அந்தப் பக்க லைனிங் முன்னதாகத் தேயும். ரோட்டில் இரண்டு பெடல்களையும் சேர்த்துக் கொண்டி போட்டு மிதிக்கும்போது, ஒரு சக்கரம் பிடித்து மறு சக்கரம் பிடிக்காவிட்டால் டிராக்டர் சட்டென்று ஒரு பக்கம் இழுக்கும். பின்னாலிருந்து 6 டன் தள்ளுகிறது. டிராக்டர் குறுக்கே திரும்பி, டிரெய்லர் அதைச் சாய்த்துவிடும். கொண்டியே போடாமல் ஓடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது!

சோதிப்பது எளிது. டிரெய்லர் இல்லாமல், புழுதியுள்ள சமதரையில், கொண்டி போட்டு மெதுவாக ஓட்டி அழுத்தி மிதியுங்கள். இறங்கிப் பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களின் இழுபட்ட தடமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒன்று குறைவாக இருந்தால் அந்தப் பக்கக் கம்பியின் நட்டைச் சரிசெய்து, மறுபடி பாருங்கள். பெடலின் வெற்று அசைவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அது இரு பக்கமும் சமமாக இருப்பது முக்கியம்.

இறக்கத்தில்

ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும். மேலேயே நிறுத்தி அந்தக் கியரைப் போட்டுக்கொள்ளுங்கள். பாதி இறக்கத்தில் மாற்ற முயன்றால் பல டிராக்டர்களில் கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். டீசல் மிச்சம் என்பதும் தவறு. கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மூடினால் சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. ஐடில் வேகத்துக்கு மேல் சுற்றும்வரை பம்ப் டீசலை நிறுத்தி வைக்கும். நியூட்ரலில்தான் டீசல் எரிந்துகொண்டே இருக்கும்.

அப்படியும் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கிளட்சைத் தொடாதீர்கள். கால் தானாக அங்கே போகும், போகவிடக் கூடாது. கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிடித்திருக்கும் பிடியும் போய்விடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடி, ஹாரன் அடித்து, மேட்டுப் பக்கமோ உழுத வயலோ மணல் குவியலோ கண்டு, ஒடித்துத் திருப்பாமல் நேராகச் செலுத்துங்கள். பல டிராக்டர்களில் கைப்பிரேக் என்பது அதே பெடலைப் பூட்டி வைக்கும் கொண்டிதான். கால் பிரேக் போனால் அதுவும் போயிற்று. மட்கார்டிலும் கரும்பின் மேலும் ஆள் ஏற்றாமல் இருப்பதன் அருமை அப்போது தெரியும்.

பாரத்தோடு சரிவில் நிறுத்த நேர்ந்தால் கியரில் விட்டு, டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். தேரை நிறுத்தக் கட்டை போடுபவர்களின் திறமையை நாம் அறிவோம். ஆனாலும் திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் தொழிற்சாலை ஹைட்ராலிக் பிரேக் செய்து பொருத்தியிருக்கிறது. வழியில் கிடைக்கும் கல்லை நம்பாமல், சாய்வாக வெட்டிய இரண்டு கருவேலங்கட்டைகளை டிரெய்லரிலேயே சங்கிலியில் கோத்து வையுங்கள்.

ஆலை அரவை தொடங்குமுன், பட்டறையில் கூட்டம் சேராத நாளில், பிரேக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. டிஸ்க் வாங்கப் போகும்போது பழைய டிஸ்க்கைக் கையோடு எடுத்துச் சென்று பல்லும் அளவும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.